கிடாவும் ஊசியும்

கேரளத்தின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாய் ஏறி இறங்கிய பழைய கிட்டங்கிகளின் வாசலில் படுத்து அசைபோடும் வெள்ளாடுகளுக்கு இடையன் என்று ஒருவன் கிடையாது; பகலெல்லாம் தெருவில் மேய்ந்து, தெருவிலேயே இணைகூடும் இவற்றின் இனவிருத்தியில் மனிதனுடைய பங்கு, பெரும்பாலும் குட்டி பிறந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. அதே கேரளத்தில் பசுவோ, தன் ஆயுளில் ஒரு காளையைக்கூடக் காணாமலே, சினை ஊசியாலேயே ஐந்தாறு கன்று ஈன்றுவிடுகிறது. ஒன்று முழு சுயேச்சை, மற்றது முழு நிர்வாகம். இரண்டுக்கும் குணமும் உண்டு, தோஷமும் உண்டு.

சினைப்பருவத்துக்கு வந்த பெட்டை ஆடு, வாலை ஓயாமல் ஆட்டிக் கத்திக்கொண்டு தானே கிடாவைத் தேடிப் போகிறது. கிடாவோ தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் மூத்திரம் பெய்துகொண்டு, அந்த மொச்சை நாற்றத்தையே தூதாக அனுப்பி, பெட்டையின் மூத்திரத்தை மோந்து, மேலுதட்டைச் சுருட்டிச் சோதித்துப் பார்த்துத்தான் நெருங்குகிறது. 21 நாளுக்கொருமுறை வந்து, ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிடும் அந்தப் பருவத்தைக் கணிப்பதில் கிடாவுக்கு நிகரான வைத்தியன் இல்லை. ஆனால் தகப்பன் யார் என்பதில் இந்தச் சுயேச்சை காட்டும் அலட்சியம் சாமானியமானதல்ல. நன்றாக வளர்ந்த கிடாக்குட்டி முதலில் கசாப்புக்கு விலைபோக, வளர்ச்சி குன்றி விற்காமல் நின்றது பொலிகிடாவாகிறது. நாலைந்து மாதத்திலேயே வீரியம் பெற்றுவிடும் குட்டி, விட்டால் தாயையும் உடன்பிறந்தாளையுமே கூடும். தெருவுக்கு ஒரு கிடாவை நிறுத்தி, அதன் பெண்குட்டிகள் பருவமெய்துமுன் அடுத்த தெருக் கிடாவோடு மாற்றிக்கொண்டால் பாதித் தோஷம் தீர்ந்துவிடும். இதற்கு ராஜாங்கமோ சாஸ்திரக் கல்வியோ வேண்டியதில்லை.

பசுவின் விஷயத்தில் ராஜாங்கம் வெகு தீவிரமாகவே நுழைந்தது. 1961இல் இயற்றப்பட்ட கேரளக் கால்நடை அபிவிருத்திச் சட்டம், உரிமம் பெறாத காளைகளைக் காயடிக்கச் சொன்னது; 1963இல் மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கி, பழுப்பு சுவிஸ் காளையின் இரத்தத்தை நாட்டுப் பசுவில் கலந்து ‘சுனந்தினி’யை உண்டாக்கிற்று; 1976 முதல் அந்தப் பணியைக் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் நடத்திவருகிறது. இதன் நன்மையை மறுப்பவன் பால் விற்றுப் பிழைத்தவனாக இருக்க முடியாது. ஒரு பொலிகாளையின் மகள்கள் எத்தனை பால் கறக்கிறார்கள் என்று அளந்து பார்த்தபின் அந்தக் காளையைத் தேர்ந்தெடுப்பதும், இணைசேர்க்கையால் பரவும் கருச்சிதைவு நோய்களைத் தடுப்பதும், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் உறைந்த விந்துக் குழல் ஒன்றின் மூலம், ஒற்றைப் பசு வைத்திருக்கும் ஏழைக்கும் ஜமீன்தாரனுக்கும் ஒரே காளையைக் கிடைக்கச் செய்வதும் சிறிய காரியங்களல்ல. இந்தச் சமத்துவம் எந்தக் கோயில் காளையாலும் சாத்தியப்பட்டதில்லை.

எனினும், காளை போன இடத்தில் அதன் மூக்கும் போய்விட்டது. பருவம் வந்ததைக் கண்டுபிடிக்கும் வேலை முழுவதும், வேறு நூறு வேலைக்கு நடுவே, கறப்பவளின் தலையில் விழுந்தது. கொட்டிலில் தனித்து நிற்கும் பசுவின் மேலே தாவ மற்றொரு பசுவும் இல்லாதபோது, ஓர் அடிவயிற்றுக் கத்தலையும் கண்ணாடி போன்ற வழும்பையும் வைத்தே அவள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி என்பது விதி. பருவம் இரவில் வந்து விடியுமுன் போய்விட்டாலோ, 21 நாள் பாலும் தீனியும் வீண். ஊசி நிற்கவில்லை என்று அவள் நொந்துகொள்கிறாள். பல சமயம் பிசகு ஊசியில் இல்லை, வேளையில்தான்.

இதைவிடக் கனமான குற்றம் ஒன்றுண்டு. மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து தெற்கே விரியும் அதே வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில், வைக்கத்துக்கு அருகே உள்ளது வெச்சூர். அவ்வூரின் பெயரைத் தாங்கிய பசு, தொண்ணூறு சென்டிமீட்டர் உயரங்கூட எட்டாமல், அற்பத் தீனியில் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறப்பது. கலப்பினக் கொள்கையின் கண்ணில் அது ஒரு குறைபாடாகவே பட்டது. அதன் காளைகள் காயடிபட, இனமே அழியும் தறுவாயில், 1989இல் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப் தம் மாணவர்களுடன் கிராமம் கிராமமாய்த் தேடி, எஞ்சியவற்றைச் சேர்த்துக் காப்பாற்றினார்; 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று அந்த இனத்தின் பாதுகாப்புக்கும் உறைவிந்து உதவுகிறது என்பதைக் கவனித்தால், சாஸ்திரத்தைப் பழிப்பதில் நியாயமில்லை என்பது விளங்கும். பழி, தகப்பனைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை ஒரே அலுவலகத்தில் குவித்து, அந்த அலுவலகத்தின் அபிப்பிராயம் தவறாக இருக்கக்கூடும் என்பதற்கு இடமே வைக்காத சட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் சட்டமே தாலுகாவுக்கு நாலு நாட்டுப் பொலிகாளையைக் கட்டாயமாக விட்டுவைக்கச் சொல்லியிருந்தால், ஒரு பேராசிரியை வீடுவீடாக ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை.