பறிகொடுத்தவர்கள் மீண்டும் பாடிய விதம்

நெருங்கியவரைப் பறிகொடுத்த கலைஞர் பலருக்குக் கையும் குரலும் கட்டிப்போகின்றன. ‘இனி யாருக்காக?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் ஏடும் வீணையும் மூலையில் கிடக்கின்றன. அப்படி நின்றுபோனவர்கள் மறுபடி எப்படித் தொடங்கினார்கள்? கே.ஜி.கண்டிகையும் திருத்தணியும் அமைந்த இந்த ஆந்திர எல்லைப் பகுதியே விடை தேடத் தொடங்குவதற்குத் தக்க இடம். மலைமேல் பிறந்த ஒரு கீர்த்தனையும், சாவு வீட்டு வாசலில் ஆடும் கூத்தும் இந்த மண்ணின் சான்றுகள்.

முத்துசுவாமி தீட்சிதரின் சரிதத்தைச் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் எழுதினார். இளம் வயதில் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போன தீட்சிதர், பல ஆண்டுகள் அவர் நிழலிலேயே வளர்ந்தார். குரு கங்கைக்கரையில் சித்தியடைந்தார். சீடர் மணலியில் இருந்த பெற்றோரிடம் திரும்பி, பிறகு திருத்தணிக்கு வந்தார். முருகனே முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். அங்கே பிறந்த முதல் கீர்த்தனை ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’.

அதன் ராகம் மாயாமாளவகௌளை, பாட்டு படிக்க வரும் குழந்தைக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் ராகம். பல்லவியின் தொடக்கமும் அதன் ஆரோகண அவரோகணத்தை ஒட்டியே நடக்கிறது. வித்தை கைவந்த ஒருவர், குரு மறைந்தபின் முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார். அடுத்தடுத்து எட்டு வேற்றுமைகளிலும் முருகனைக் ‘குருகுகன்’ என்று அழைத்துப் பாடினார். 1835இல் எட்டயபுரத்தில் மறையும்வரை அந்தப் பெயரே அவர் முத்திரை. குருவை மறந்து முன்னேறவில்லை. பாட்டுக்குள்ளேயே குருவுக்கு இடம் கொடுத்துவிட்டார்.

இந்த வழி தமிழில் பழையது. அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கில் இழவையும் ஒன்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. இறந்தவரை எண்ணிப் புலம்புவதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது. பறம்பு மலையில் பாரி மாண்டபின், கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றார். பிறகு சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடியதே பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்து. அந்தப் புகழ்ப்பாட்டிலும் முதலில் வருவது பாரிதான். புதிய புரவலன் முன்னால் பழைய நண்பனின் பெயரைச் சொல்லக் கபிலர் தயங்கவில்லை. கேட்ட சேரனும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் கபிலர் வடக்கிருந்து உயிர் துறந்தார் என்பதே மரபு. பாட்டு துக்கத்தைத் தீர்க்கும் மருந்து என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது என்பதையும் அவர் வாழ்க்கை கற்பிக்கிறது.

உ.வே.சாமிநாதையருக்கு உலகமே அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரியில் மறைந்தபோது மாணவருக்கு இருபத்தோரு வயது ஆகவில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அவரிடம், முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து விளைந்ததே 1887ஆம் ஆண்டின் சிந்தாமணிப் பதிப்பு. ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக அவர் வெளியிட்டது 1933லும் 1934லும். ஐம்பத்தேழு ஆண்டுகள் அந்த நன்றி மனத்தில் ஆறாமல் இருந்திருக்கிறது. துக்கத்துக்குத் தவணை குறிக்கிறவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தொண்டை மண்டலத்துக் கூத்து இதே வேலையை ஓர் இரவில் செய்கிறது. கருமாதி இரவில் ‘கர்ண மோட்சம்’ விடுவது இங்கே வழக்கம். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர, கட்டை கட்டிய கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். நடுவே கட்டியங்காரன் என்னும் கோமாளியின் பேச்சுக்கு, அதுவரை உம்மென்றிருந்த உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். விடியும் நேரத்தில் களத்தில் விழுந்தவனை மடியில் கிடத்திக் குந்தி புலம்புகிறாள். வேஷம் கட்டியவர் ஆண்தான். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் பந்தலில் இருக்கும் பெண்களின் அழுகை அதோடு சேர்ந்துகொள்கிறது. வீட்டின் சாவு கதையின் சாவோடு கலந்து, ஊரே தூக்கும் பாரமாகிறது. திரௌபதியம்மன் திருவிழாவில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனுக்குப் படுகளத்தில் ஒப்பாரி வைப்பதும் இந்த மரபின் கிளைதான்.

வெளியுலகிலும் இழப்புக்குப் பின் பாட்டு பிறந்திருக்கிறது. 1902க்கும் 1907க்கும் இடையில் மனைவி, மகள், தந்தை, இளைய மகன் என்று நால்வரை இழந்த தாகூரின் வங்க மொழிக் கீதாஞ்சலி 1910இல் வந்தது. ஈழத்தில் தனிமனித இழப்பு ஒரு சமூகத்தின் இழப்பாகப் பெருகிய காலத்தில், 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ கவிதைத் தொகுப்பு வெளியாயிற்று. அங்கே ஒருவர் துக்கத்தைப் பல கவிஞர்கள் சேர்ந்து சுமந்தார்கள்.

இந்தச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நின்றுபோனவர் தன் மனவலிமையால் மட்டும் எழுந்துவிடுவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்கிறார்: கற்கண்டு கொடுத்த முதியவர், பாரியின் புகழைப் பொறுமையாகக் கேட்ட சேரன், சிந்தாமணியைப் பற்றி விசாரித்த முன்சீப், விடியும்வரை எழுந்து போகாத கூத்துப் பந்தல். ஆகவே துக்கத்தில் இருக்கும் கலைஞரிடம் ‘மனத்தைத் தேற்றிக்கொள்’ என்பதோடு நம் கடமை முடிவதில்லை. ஒரு சிறு வேலையை அவர் கையில் கொடுக்க வேண்டும். இறந்தவர் பெயரைத் தடுக்காமல் சொல்லவிட வேண்டும். அவர் மறுபடி பாடும்போது, குரல் உடைந்தாலும், கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டும்.