யானைக்குக் கொடுத்த வாத்தியம்

டபுள் பேஸ் என்று ஒரு வாத்தியம். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் வயலின் மாதிரி இருக்கும். ஆர்கெஸ்ட்ராவின் ஓரத்தில் நின்று அடிநாதம் கொடுப்பதுதான் அதன் வேலை. சான்-சான்ஸ் 1886-ல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் அன்னம் செல்லோவுக்குப் போனது, யானை டபுள் பேஸுக்கு வந்தது. 1962-ல் கேரி கார் என்கிற இருபது வயதுப் பையன், பெர்ன்ஸ்டைனோடு சேர்ந்து அந்த அன்னத்தை டபுள் பேஸிலேயே வாசித்தார். அதற்குப் பிறகு தனிக்கச்சேரிகள், மாணவர்கள், 1967-ல் பேஸ் கலைஞர்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கம்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் சுகன்யா ராம்கோபால். நம்ம ஊர் யானை, கடம்.

கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கக்காரர் கையை நிறுத்திக் கொஞ்சம் இடம் விட்டால்தான் கடத்துக்கு ஒரு வரி கிடைக்கும். தனி ஆவர்த்தனத்தில்கூட அவர் முதலில் வாசிப்பார், இவர் பதில் சொல்வார். இதில் சுகன்யா பெண் வேறு. 1957-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர், சென்னையில் விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா நடத்திய பள்ளிக்கு வயலின் கற்கப் போய், தாளத்தின் பக்கம் சாய்ந்தார். கடம் கேட்டபோது விக்குவே முதலில் தயங்கினார்: பெண்ணின் விரல் தாங்காது. ஹரிஹர சர்மா விடாமல் சொல்லிக்கொடுத்தார். மேடைக்கு வந்த பிறகும், ஒரு பெண்ணோடு உட்கார மாட்டோம் என்று மிருதங்க வித்வான்கள் சிலர் மறுத்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

'முதல் பெண் கடக் கலைஞர்' என்கிற பட்டத்தோடு நம் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. அவர் என்ன வாசித்தார் என்று கேட்பவர் குறைவு.

மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கலாம். கடத்தை முடியாது. சூளையில் வெந்தபோது என்ன சுருதியோ, கிட்டத்தட்ட அதுதான். அதனால் கடக்காரர் வீட்டில் பாடகர்களின் சுருதிக்கு ஏற்ப வரிசையாகப் பானைகள் இருக்கும். சுகன்யாவின் 'கட தரங்கம்' இந்தக் குறையிலிருந்து பிறந்தது. வெவ்வேறு சுருதியில் ஆறேழு கடங்களைச் சுற்றி வைத்து, அவற்றில் ராகத்தையும் தாளத்தையும் சேர்த்து வாசிக்கிறார். இடம் விடச் சொல்லி யாரையும் கேட்கவேண்டியதில்லை. 1995-ல் 'ஸ்த்ரீ தாள் தரங்' என்று பெண்களை வைத்தே ஒரு குழுவும் தொடங்கினார். அதில் கடம்தான் நடுவில்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பானையில் கமகம் வராது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக முடியாது, தாவத்தான் முடியும். அதனால் தரங்கத்தில் ராகம் எலும்புக்கூடாகத்தான் நிற்கிறது. கடம் அன்னமாகப் பார்க்கும் இடங்களில் நான் கொஞ்சம் விலகிவிடுகிறேன். ஆனால் அவர் பாட்டை விட்டுவிட்டு ஒரு கோர்வையைப் பானை பானையாகப் பிரித்து வாசிக்கும்போது நிமிர்ந்து உட்காருகிறேன். ஐந்தெழுத்துச் சொல் ஒரு பானையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது கணக்கு காதுக்கே புரிகிறது. தாளம் தெரியாத என்னைப் போன்ற ஆளுக்கும். ஒற்றைக் கடத்தை மடியில் வைத்து, வாயை வயிற்றோடு அழுத்தித் திறந்து எழுப்பும் அந்தக் கும்கி இன்னும் ஆழம். யானை யானையாகவே முன்னால் வந்து நிற்பது அங்கேதான். விக்கு பாணியின் விரல்முறையை அவர் புத்தகமாக எழுதி வைத்ததும், மாணவர்களை உருவாக்கியதும் இந்த ஒற்றைப் பானைக்காகத்தான் என்று நினைக்கிறேன். 2014-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருதும் வந்தது.

போன பொங்கலுக்குப் பெருமுக்கல் போயிருந்தபோது அத்தைக்குப் போனில் இதைப் போட்டுக் காட்டினேன். அத்தை முப்பது வருஷம் ஷேர் ஆட்டோவில் மரக்காணம் போய் உப்பளத்தில் வேலை செய்தவர். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரலிடுக்கில் ஆறாத வெடிப்பு. 'விரல் தாங்காது' கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"தாங்காதுன்னு சொல்றவன் யாருக்காவது உப்பள வேல குடுக்காம இருந்திருக்கானா?"

கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, "இந்தப் பொம்பள முன்னாடி பின்னாடி ஒக்காந்திருந்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"பின்னாடி ஒக்காந்தா கூலி கொறைவாடா தம்பி?"

அத்தைக்குக் கடைசிவரை ஆண்களைவிடக் குறைந்த கூலிதான். உபபக்கவாத்தியத்துக்குச் சன்மானமும் குறைவுதான் அத்தை, என்றேன். அவர் தலையாட்டினார், கணக்கு சரியாக வந்தது போல. தாள வரிசையையும் மேடை மரபையும் பற்றி நான் படித்ததெல்லாம் அந்தக் கேள்வியைத் தொடவேயில்லை. சுகன்யாவின் வாசிப்பை நான் அழகியலாக மட்டும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். பானைகளைச் சுற்றி வைத்து நடுவில் உட்கார்ந்தது ஒரு இசை முடிவு மட்டுமில்லை.

"இன்னொரு தடவ போடு," என்றார் அத்தை. ஒற்றைக் கடம் வாசிக்கும் பகுதியைப் போட்டேன்.