கன் பிடிக்கிற கை

எங்கள் கொடுங்கையூர் தெருவில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் தன் பழைய அம்பாசிடருக்கு வீட்டு வாசலிலேயே வெள்ளை அடித்தார். நான் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மடங்கவே இல்லை. கதவுக்கு வெளியே வெறும் காற்றிலேயே ஸ்ப்ரே கன்னின் விசையை அழுத்தி, தோளிலிருந்து கையை நகர்த்தி, மறு ஓரத்தைத் தாண்டிய பிறகே விட்டார். தகட்டுக்கும் கன்னுக்கும் நடுவே ஒரு சாண் தூரம் கடைசிவரை மாறவில்லை. மணிக்கட்டு வளைந்தால் நடுவில் பெயின்ட் கனத்து ஒழுகும், ஓரங்கள் வறண்டு சொரசொரக்கும். அம்பாசிடரின் உருண்டை மட்கார்டுக்கு இன்னும் தேர்ந்த கை வேண்டும். தகடு வளைகிறபடி ஆளும் வளைய வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

இதைவிட நான் ரசித்தது அதற்கு முந்தைய வேலை. டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்த பிறகு, அதன்மேல் நிறைய தின்னர் கலந்த கறுப்பைப் புகைபோலத் தூவினார். மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்தார். மேட்டில் கறுப்பு போய்விட்டது, பள்ளத்தில் தங்கிவிட்டது. உள்ளங்கைக்கே பிடிபடாத பள்ளமும் நகக்கண் அளவு கறுப்பாகத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. அங்கே மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி தேய்ப்பு. கறுப்பு முழுக்க மறைந்த பிறகுதான் வெள்ளை டப்பாவைத் திறந்தார்.

இந்தக் கன்னின் பூர்வீகம் மருத்துவம். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர் 1880களின் கடைசியில் தொண்டைக்குள் மருந்து தூவ ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதைப் பெயின்டுக்கு மாற்றினார். 1920களில் சீக்கிரம் உலரும் டூகோ பெயின்ட் வந்ததும் கார் கம்பெனிகள் கன்னுக்கு மாறின. டூகோ என்ற பெயர் நம் ஊர் மரச்சாமான் கடைகளில்கூட இன்றும் புழங்குகிறது.

வட சென்னையில் பெயின்ட் அடிக்க நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். விடிகாலையில் காற்றில் ஈரம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, அந்த ஈரம் படிந்து, என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெளுத்துவிடும். மத்தியானம் கடல்காற்று எழுந்தால் குப்பைக் கிடங்குப் பக்கத்துத் தூசியெல்லாம் ஈரப் பெயின்டில் ஒட்டும். நடுவில் கிடைக்கிற சில மணி நேரம்தான் கணக்கு. தூசி கிளம்பாமலிருக்கத் தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அவர் கம்ப்ரசரைப் போட்டார்.

வெள்ளையைத் தேர்ந்தெடுத்ததும் விஷயம் தெரிந்தவர் செயல். சில்வர் மெட்டாலிக் என்றால் அலுமினியத் துகள் ஈர வீச்சில் கறுக்கும், வறண்ட வீச்சில் வெளுக்கும்; கை தடுமாறிய இடமெல்லாம் பட்டையாகத் தெரியும். ஹார்ட்னர் கலக்கிற பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்டை வீட்டில் தொடவே கூடாது என்பேன். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கைக்குட்டை கட்டிக்கொண்டால் தடுக்காது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும்.

நன்றாகக் காய்ந்ததும் பானெட்டில் ட்யூப்லைட்டின் பிம்பத்தைப் பார்த்தோம். கோடு கொஞ்சம் நெளிந்தது. ஆரஞ்சுத் தோல்போல மெல்லிய சொரசொரப்பு. 1500, 2000 பேப்பரில் தேய்த்து, காம்பவுண்ட் போடும் முன் கதவு ஓரங்களிலும் பானெட் முகட்டிலும் டேப் ஒட்டினார். அங்கே பெயின்ட் மெலிசு, நாலு தேய்ப்பில் பிரைமர் தெரிந்துவிடும்.