வாரத்தில் இரண்டு நாள்

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சனமெல்லாம் எங்கள் மலையடிவாரத்தில்தான் நிற்கும். தென்திருப்பதி என்பார்களே, அந்தத் திருவண்ணாமலை எங்களுடையது. இங்கிருந்து போய் மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். என்ன அருமையான படிப்பு!

"நாலு பேருக்கு நல்லது செய்யிறதுக்குப் படிப்பு எதுக்கும்மா?" என்றார் அத்தை. பம்பாயில் 1936-லும், மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சென்னையில் 1952-லும் இதற்கென்றே கல்லூரி தொடங்கினார்கள் அத்தை என்றேன். ஆனால் படிப்பு எதுக்கு என்று எனக்குப் புரிந்தது வகுப்பறையில் அல்ல; பீல்டு வொர்க்கில்.

வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் போகவேண்டும். பார்த்ததையும் பேசியதையும் அன்று இரவே ரெக்கார்டு நோட்டில் எழுதவேண்டும். என் முதல் நோட்டில் மேடம் சிவப்பு மையில் எழுதியது இது: "நீ பேசியது ஒன்றரைப் பக்கம், அந்த அம்மா பேசியது நாலு வரி." அந்த ஒரு வரிக்காகவே இந்தப் படிப்புக்குக் கோயில் கட்டலாம்!

பிறகு சத்திரப்பட்டிப் பக்கம் கேம்ப். ஆஸ்பத்திரிக் கட்டுக்குப் போடும் பேண்டேஜ் துணி நெய்கிற பூமி. தெருவில் நடந்தாலே தறிச்சத்தம் காதை அடைக்கும். சாவடி முன்னால் பெண்களோடு உட்கார்ந்து, கோலப்பொடியால் தரையில் ஊரை வரைந்தோம். தெரு, பள்ளிக்கூடம், கண்மாய் எல்லாம் வந்தது. குழாய் இருக்கிற இடங்களில் புளியங்கொட்டை வைத்தோம். எனக்கு ஒரே பெருமை. ஒரு பாட்டி குனிந்து பார்த்தார். மூன்று கொட்டையை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"குழாய் இருக்கு தாயி. தண்ணி வர்ற நேரத்துல நாங்க தறியில நிப்போம். பெறகு அது இருந்தென்ன, இல்லாட்டி என்ன?"

எந்தப் புத்தகம் இதைச் சொல்லும்? வரைபடத்தில் நேரத்தையும் குறிக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூடமே போகாத அந்தப் பாட்டி. சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு கொட்டையை எடுத்து, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தண்ணீர் விடும் நேரத்தை மாற்றக் கேட்கும் மனுவை நாங்கள் எழுதவில்லை. அவர்களே சொல்லச் சொல்ல, பத்தாவது படித்த மருமகள் ஒருத்தி எழுதினாள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு விருதுநகர் பஸ்ஸில் ஏழு பேர் ஏறினார்கள். நானும் கூடப் போனேன். கலெக்டர் ஆபீஸ் வரிசையில் பாட்டிதான் முன்னால் நின்று பேசினார்.

அன்றிரவு ரெக்கார்டு எழுதியபோது நான் பேசியது இரண்டே வரிதான் இருந்தது.