மின்தேக்கியில் தேங்குவது எது?

கெப்பாசிட்டரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களிடம் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கும். ஒன்று, மின்தேக்கி மின்சாரத்தைச் சேமிக்கும். இரண்டு, அது டிசியைத் தடுக்கும், ஏசியை விடும். யூடியூப் வீடியோவிலும் இதுதான், வழிகாட்டி நூலிலும் இதுதான், ஐடிஐ நோட்ஸிலும் இதுதான். இரண்டுமே பொய் இல்லை. ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க: சேமிப்புக் கிடங்கு ஒன்று எப்படி வாட்ச்மேன் வேலையும் பார்க்குது? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் ரொம்பக் குறைவு.

பிரச்சினை பாதி சொல்லிலேயே இருக்கிறது. இங்கே 'மின்தேக்கி', 'மின்தேக்குத்திறன்' என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் 'கொள்ளளவி', 'கொள்ளளவம்'. ஃபேன் ரிப்பேர் செய்கிறவர் இன்னும் 'கண்டென்சர்' என்றுதான் சொல்கிறார். 1782இல் வோல்டா வைத்த பெயரின் வாரிசு அது. கொள்ளளவு என்றதும் 'அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும்' என்றே நமக்குத் தோன்றும். கெப்பாசிட்டன்ஸ் அது இல்லை.

நான் இருப்பது புழல். ஏரிக் கணக்கு தினமும் பேப்பரில் வரும்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. கெப்பாசிட்டர் பாடம் மொத்தமும் இந்த மூன்று எண்ணில் அடங்கிவிடும். நீர்மட்டம்தான் மின்னழுத்தம். இருப்புதான் மின்னூட்டம். வரத்தில் வெளியேற்றத்தைக் கழித்தால் வருவது மின்னோட்டம். புழலின் முழு உயரம் 21.20 அடி, முழுக் கொள்ளளவு 3300 மில்லியன் கன அடி. வகுத்தால் சராசரியாக ஓர் அடிக்கு 155 மில்லியன் கன அடி. இந்த 155தான் மின்தேக்குத்திறன், 3300 அல்ல. ஓர் அடி ஏற எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்கிற எண் அது, கிட்டத்தட்ட ஏரியின் பரப்பு. அந்த 21.20 அடிக்குச் சமமானது ஃபேன் கெப்பாசிட்டரில் மைக்ரோஃபாரடுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் 440 வோல்ட். அதற்கு மேல் போனால் கரைக்கு ஆபத்து.

(ஏரி கிண்ணம் மாதிரி இருப்பதால் மேலே போகப் போக அந்த 155 கூடும். சில செராமிக் கெப்பாசிட்டர்களில் நேர்மாறு, வோல்டேஜ் ஏற ஏற மதிப்பு குறையும். அது தனிக் கதை.)

நிகர வரத்து விநாடிக்கு 1000 கன அடி என்றால் ஒரு நாளைக்கு 86.4 மில்லியன் கன அடி. மட்டம் அரை அடிக்குக் கொஞ்சம் மேலே ஏறும். இதைத் திருப்பிப் போட்டால் சூத்திரம் வந்துவிடும்: மின்னோட்டம் என்பது மின்தேக்குத்திறனை மின்னழுத்தம் மாறும் வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. அழுத்தம் எவ்வளவு என்பதற்கு அதில் இடமே இல்லை. ஏரி 20 அடியில் அசையாமல் நின்றால் நிகர வரத்து பூஜ்யம். 'டிசியைத் தடுக்கும்' என்பது இதுதான். யாரும் எதையும் தடுக்கவில்லை, மட்டம் மாறவில்லை, அவ்வளவுதான்.

மாணவர்களை அதிகம் குழப்புவது 'மின்னோட்டம் மின்னழுத்தத்தை 90 பாகை முந்தும்' என்ற வரி. விளைவு எப்படிக் காரணத்துக்கு முன்னால் ஓடும்? ஐப்பசி, கார்த்திகையில் ஏரியைக் கவனித்தவருக்கு இதில் மர்மமே இல்லை. பூண்டியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் வரத்து உச்சத்தில் இருக்கும்போது மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மட்டம் உச்சத்தைத் தொடும் அந்த நேரத்தில் நிகர வரத்து பூஜ்யம். வரத்தின் உச்சம் முதலில், மட்டத்தின் உச்சம் பிறகு. இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை.

நம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் தவறு எதுவும் இல்லை. என் குறை வரிசையைப் பற்றியது. மின்தேக்கி நிலைமின்னியலில் முதல் அலகில் வருகிறது, ஏசி சுற்றில் நான்காவது அலகில், இடப்பெயர்ச்சி மின்னோட்டம் ஐந்தாவதில். ஒரே பொருள் மூன்று துண்டு. 'மாறும் வேகம்' என்ற கருத்தை முதல் அலகிலேயே ஒரு பத்தியில் சொல்லியிருந்தால், நான்காவதில் சைன், கோசைன் வரும்போது பையன் மனப்பாடத்துக்குப் போக மாட்டான்.

ஏரி உவமைக்கும் எல்லை உண்டு. ஏரிக்கு ஒரே பக்கம், கெப்பாசிட்டருக்கு இரண்டு தட்டு. ஒன்றில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு மற்றதிலிருந்து இறங்கும், மொத்த மின்னூட்டம் எப்போதும் பூஜ்யம். அதற்குக் குழாயின் குறுக்கே கட்டிய ரப்பர் சவ்வுதான் பொருத்தம்: ஒரு சொட்டுத் தண்ணீரும் தாண்டாது, ஆனா இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் நகரும். கெப்பாசிட்டரிலும் அப்படித்தான். கசிவை விட்டுவிட்டால், நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலத்தை எந்த எலக்ட்ரானும் கடப்பதில்லை. அந்த இடைவெளியில் மாறும் மின்புலத்தையே மேக்ஸ்வெல் 1860களில் ஒரு மின்னோட்டமாகக் கணக்கில் சேர்த்தார்.

இதெல்லாம் வெறும் சொல் விவகாரமா என்றால், இல்லை. 'சேமிக்கும்' என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள்: தேக்கி வைப்பது, மிச்சப்படுத்துவது. பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் முப்பது நாற்பது சதவீதம் குறையும் என்று விற்கிற 'பவர் சேவர்' டப்பா பிழைப்பது இந்தக் குழப்பத்தில்தான். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு எல்இடியும் ஒரு கெப்பாசிட்டரும் இருக்கும். 5 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது 0.36 ஆம்பியர் இழுக்கும். அது 90 பாகை தள்ளி ஓடுவதால் கால் சுழற்சி வாங்கும், அடுத்த கால் சுழற்சியில் திருப்பித் தரும், சராசரி வாட் பூஜ்யம். அழுத்தம் உச்சமான 325 வோல்ட்டில் இருக்கும்போது அது தேக்கி வைத்திருப்பது கால் ஜூல் சொச்சம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வீட்டு பில் யூனிட்டைத்தான் எண்ணுகிறது.

மணலி, எண்ணூர்ப் பக்கம் பெரிய ஆலைகளில் கெப்பாசிட்டர் வரிசை வைப்பது வேறு விஷயம். மோட்டார்களின் பின்தங்கும் மின்னோட்டத்தை இந்த முந்தும் மின்னோட்டம் ஈடு செய்யும். அங்கே பவர் ஃபேக்டர் குறைந்தால் தனிக் கட்டணம் உண்டு, அதனால் பணம் மிச்சமாகும். அதே வாதத்தை ரெண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் டப்பா விற்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டு ஃபேனில் ஏற்கெனவே 2.5 மைக்ரோஃபாரட் ஒன்று இருக்கிறது. அது கிழடாகி 1.5க்கு இறங்கினால் துணைச்சுற்றுக்குப் போகும் மின்னோட்டம் குறையும், ஃபேன் மந்தமாகச் சுற்றும். முதலில் அதை மாற்றலாம்.