பூ, பொறி, இலச்சினை: வழக்கொழிந்த அடையாளச் சொற்களின் பொருள் வேறுபாடு

மூவேந்தர் அடையாளங்களைப் பற்றி எழுதுவோர் பூ, பொறி, இலச்சினை ஆகிய மூன்றையும் ‘அரசுச் சின்னம்’ என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றனர். இலக்கிய ஆட்சி இதற்கு இடந்தரவில்லை.

தொல்காப்பியப் புறத்திணையியல் சேரர்க்குரிய போந்தை, பாண்டியர்க்குரிய வேம்பு, சோழர்க்குரிய ஆர் ஆகியவற்றைப் போர்க்களத்தில் படைகளை வேறுபடுத்தி அறியச் சூடிய பூக்களாகச் சுட்டுகிறது. பூ, சூடியவனை இனங்காட்டுவது. போர்ப்பொழுதளவே அதன் வாழ்நாள்.

பொறி அத்தகையதன்று. ‘பொறித்தல்’ என்னும் வினையோடு பிணைந்தது அச்சொல். பட்டினப்பாலையில் புகார்ச் சுங்க அலுவலர் பண்டப் பொதிகளின்மீது புலியைப் பொறிக்கின்றனர்; புறநானூற்றின் 39ஆம் பாடல், சேரன் இமயத்தில் இட்ட வில்லடையாளத்தையும் பொறி என்றே குறிக்கிறது. பொதியாயினும் மலையாயினும், பொறி ஏற்ற பொருள் வேந்தனின் ஆணைக்கு உட்பட்டதாகிறது.

இலச்சினை வடசொல்வழி வந்தது, முத்திரையைக் குறிப்பது. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரு கயல்களும் வில்லும் இடம்பெறுகின்றன. பாண்டியர், சேரர் அடையாளங்களைத் தன் முத்திரைக்குள் அடக்கியது சோழனின் மேலாண்மை அறிவிப்பாகும்.

இனங்காட்டல், உரிமையிடல், மேலாண்மை அறிவித்தல் என்னும் இம்மூன்று செயல்களும் ‘சின்னம்’ என்ற ஒரு சொல்லுள் மறைந்துவிடுகின்றன. அவற்றோடு பழந்தமிழ் அரசியலின் வளர்ச்சிப் படிநிலைகளும் மறைகின்றன. அருஞ்சொற்பொருள் அடைவுகள் இச்சொற்களைத் தனித்தனியே விளக்குதல் வேண்டும்.