புரட்டிப் படுக்க வைக்கும் கைக்கு என்ன கூலி?

வானம் பார்த்த வெள்ளாமையை நம்பிக் காலந்தள்ளும் குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்தில் பட்டாளத்துச் சம்பளம் ஒரு வீட்டையே நிமிர்த்திவிடும். சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பிவிடுகிறார். அதன்பின் ஓய்வூதியம், மிலிட்டரி கேன்டீன், 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் எல்லாம் உண்டு. மருத்துவத் திட்டம் மனைவிக்கும் பொருந்தும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழி இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆண்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஊனத்துக்கும் வயதுக்கும் கொடுக்கும் அரசு, பராமரிப்புக்கு என்று பெரும்பாலோருக்குக் கொடுப்பதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் குறை.

பராமரிப்பை நேரடியாக எண்ணிப் பார்த்தது ஒரே ஒரு படிதான்: 'கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்'. 2017 ஜூலையில் இது மாதம் 4,500 ரூபாயிலிருந்து 6,750 ரூபாயாக உயர்ந்தது. அடுத்தவர் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டியவருக்கு ஓய்வூதியத்தோடு சேர்ந்து ரொக்கமாக வருவது இதன் பெரிய பலம். ஆனால் பணிக்கால ஊனத்துக்கான ஓய்வூதியம் பெறுபவராக, அதுவும் நூறு விழுக்காடு ஊனமுற்றவராக இருந்தால்தான் கிடைக்கும். எழுபத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து விழுந்தவருக்கு இதில் இடமில்லை. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிவிடுவதும், சிறுநீர்ப் பையைக் காலி செய்வதும் இரு வீடுகளிலும் ஒரே வேலைதான்.

எண்பது நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடும். எண்பத்தைந்தில் 30, தொண்ணூறில் 40 என ஏறி, நூறு வயதில் இரட்டிப்பாகும். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைக்கும் இது உண்டு. உடல்நிலையை நிரூபிக்கச் சொல்லி முதியவரை அலைக்கழிக்காத நல்ல ஏற்பாடு இது. ஆனால் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 ரூபாய் வாங்குபவருக்கு எண்பதில் கூடுவது 1,800 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. ஒரு மாதத்துக்கு ஆள் வைக்க இது எந்த மூலைக்கு? எண்பத்திரண்டில் நடமாடுபவருக்குக் கிடைப்பது, அறுபத்தெட்டில் படுத்துவிட்டவருக்குக் கிடைப்பதில்லை. 65 வயதிலிருந்தே சிறிது சிறிதாகக் கூட்டலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021-இல் பரிந்துரைத்தது. அதைச் செய்தாலும் வயதுதான் அளவுகோல்.

பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதானே, அதற்கு அரசு ஏன் கூலி கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிள்ளைகள் பார்க்கத்தான் செய்கிறார்கள், குறிப்பாக மருமகள்கள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த பெண் மாமனாருக்காக நின்றுவிட்டால் அன்றன்றைய கூலி போகிறது. அந்த இழப்பைக் குடும்பக் கடமை என்ற பேரில் அவள் தலையிலேயே கட்டுவது நியாயமல்ல. படி கொடுத்தால் பாசம் குறைந்துவிடாது, அவள் வேலையை விட்டதால் வீட்டில் விழும் துண்டுதான் குறையும்.

பொய்க் கணக்கு வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. அமெரிக்காவில் போர்க்காலத்தில் பணியாற்றிய முன்னாள் வீரருக்கும் அவர் விதவைக்கும் 'எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்' என்ற கூடுதல் ஓய்வூதியம் உண்டு. குளிக்க, உடுக்க, சாப்பிடப் பிறர் உதவி தேவையா என்பதே அங்கே முக்கியக் கேள்வி. சொத்தைக் கைமாற்றிவிட்டு விண்ணப்பித்தவர்களைத் தடுக்க 2018-இல் மூன்றாண்டுச் சொத்துக் கணக்கைப் பார்க்கும் விதி வந்தது. திட்டத்தைக் கைவிடவில்லை. நமக்கு அத்தனை சிக்கலும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை சிகிச்சைக்கும் வலி தணிப்புக்கும் வீடு தேடியே ஆள் அனுப்புகிறது. படுக்கையில் கிடப்பவரை நேரில் பார்க்கும் அவர்களின் குறிப்பையே சான்றாக எடுத்து, ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கலாம்.

பட்டாளத்தாருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி இன்னும் கனமானது. வாழ்நாளெல்லாம் கரிசலில் உழைத்த விவசாயியும் படுக்கிறார். அவருக்கும் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. முன்னாள் படைவீரருக்கு மாதாமாதம் பணம் போய்ச்சேரும் வழி ஏற்கெனவே இருப்பதால் இங்கே உடனே தொடங்க முடியும். ஓய்வூதியமே இல்லாமல் வெளிவந்த முதியவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்குமான வறுமை உதவி 2025 நவம்பரில் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக இரட்டிப்பானது. மனம் வைத்தால் உயர்த்த முடிகிறது. பராமரிப்புப் படியும் அப்படி வரும்போது, கணவர் இறந்த மாதத்தோடு அதை நிறுத்திவிடக் கூடாது. அத்தனை ஆண்டு அவரைத் தூக்கி உட்காரவைத்த மனைவி படுத்தால், குடும்ப ஓய்வூதியத்தோடு அவர் பெயருக்கும் அதே தொகை வர வேண்டும்.